நேசித்த நாவல் தொலைக்காட்சித் தொடராகும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தமிழ்த் தொடர்களுக்குத் திரைக்கதை எழுதுகிறேன். நூலக வாசிப்புக் கூட்டங்களிலும், ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகளிலும், கோப்பிக் கடை மேசைகளிலும் ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப என்னிடம் வருகின்றன. கேட்பவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு நாவலை மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்ற கவலையோடுதான் கேட்கிறார்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆகவே பதில்களைத் தொகுத்து எழுதிவைக்கிறேன்.

நாவலிலேயே கதையும் வசனமும் இருக்கின்றனவே, அப்படியே படம் பிடிக்காமல் எதற்குத் தனியாகத் திரைக்கதை?

நாவலாசிரியர், "அன்றிலிருந்து அவள் அவனிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்" என்று ஒரே வரியில் ஆறு மாதத்தைக் கடந்துவிடுவார். அந்த வரியைப் படம் பிடிக்க முடியாது. அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டு, உட்காராமல் அடுப்படிக்குத் திரும்புவதைக் காட்டலாம். அவன் கேட்ட கேள்விக்குப் பிள்ளையைப் பார்த்துப் பதில் சொல்வதைக் காட்டலாம். அந்தக் காட்சிகள் நாவலில் இருக்காது. ஆனால் நாவலின் அந்த வரிக்கு உண்மையாக இருக்க வேண்டுமென்றால் யாராவது அவற்றை எழுதித்தான் ஆக வேண்டும்.

வசனத்திலும் இதே சிக்கல்தான். கண்ணால் படிக்கும்போது இனிக்கும் நீண்ட வாக்கியம் நடிகரின் வாயில் மூச்சு முட்டும். நாவலில் இரண்டு பக்கம் வாதாடுபவர், எதிரில் நிற்பவரின் முகத்தை நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது இரண்டு வாக்கியத்தில் நிறுத்திவிடலாம். மீதியை அந்த முகமே சொல்லிவிடும்.

400 பக்க நாவலுக்கு எத்தனை பகுதிகள் தேவைப்படும்?

பக்கத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது தொழிலில் உள்ள பொதுவான கணக்கு. அரை மணி நேரத் தொடரில் விளம்பரம் போகக் கதைக்குக் கிடைப்பது இருபத்திரண்டு நிமிடங்கள் அளவில்தான். அந்த நேரத்துக்குள் ஒருவருடைய நிலைமை மாறியாக வேண்டும். எனவே நாவலில் அத்தகைய மாற்றங்கள் எத்தனை வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். நூறு பக்கத்தில் ஒரே மாற்றம் உள்ள அருமையான நாவல்களும் உண்டு. இருபது பக்கத்தில் மூன்று மாற்றங்கள் உள்ளவையும் உண்டு.

தொலைக்காட்சியின் பெரிய வரம் அதன் நீளம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள் கொண்டது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் வந்த இரண்டு திரைப்படங்களும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் ஓடின. ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' அதைவிட மிகச் சிறிய நாவல். அதற்கே 1995இல் பிபிசி ஆறு பகுதிகள் கொடுத்தது, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. அந்த வசதி கிடைத்ததால்தான் தங்கைகளும் அத்தைகளும் அண்டை வீட்டார்களும் தங்களுக்குரிய இடத்தோடு அதில் வாழ்கிறார்கள்.

பத்திரிகையில் தொடர்கதையாக வந்த நாவல் என்றால் வேலை சுலபம்தானே? ஒவ்வோர் அத்தியாயமும் "தொடரும்" என்று ஒரு திருப்பத்தில் முடிகிறதே?

பாதி சுலபம். அந்த எழுத்தாளர்கள் வாசகரைக் காத்திருக்க வைக்கத் தெரிந்தவர்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் 1950 முதல் 1954 வரை வாரம் ஒருமுறை 'கல்கி' இதழைப் பிரித்தவருக்கு அடுத்த அத்தியாயம் வர ஏழு நாள் இடைவெளி இருந்தது. போன வாரம் நடந்ததை நினைவூட்ட வேண்டிய தேவை எழுத்தாளருக்கு இருந்தது. இன்று மீவாட்ச் இணையத் தளத்தில் ஒரே இரவில் நான்கு பகுதிகள் பார்ப்பவருக்கு அதே நினைவூட்டல் அலுப்பைத் தரும். கூறியது கூறலை எடுத்துவிட்டால் அத்தியாயம் சுருங்கிவிடுகிறது. சுருங்கிய மூன்று அத்தியாயங்களைச் சேர்த்து ஒரு பகுதியாக்கும்போது பழைய திருப்பங்கள் நடுவில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. முடிவுக்கான இடத்தைப் புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? எழுத்தாளர் காலமாகிவிட்டார், பதிப்பகமோ வேறு பெயரில் இயங்குகிறது.

முதலில் பதிப்பு ஒப்பந்தத்தைத் தேடிப் பாருங்கள். புத்தகம் அச்சிடும் உரிமை பதிப்பகத்திடம் இருப்பதாலேயே படமாக்கும் உரிமையும் அங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது. எழுதிக் கொடுக்காத உரிமை எழுத்தாளரிடமே தங்கும், அவருக்குப் பின் வாரிசுகளிடம் போகும். வாரிசுகள் நான்கு பேர் என்றால் நான்கு பேரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மெல்பர்னிலும் ஒருவர் ஈப்போவிலும் இருப்பார்கள். படப்பிடிப்புக்கு நாள் குறிப்பதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

கால அளவும் நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள், சிங்கப்பூரில் 70 ஆண்டுகள். சென்னையில் யாரும் எடுத்துப் பதிப்பிக்கும் நூல் என்பதால் சிங்கப்பூரிலும் அப்படித்தான் என்று எண்ணிவிடாதீர்கள். தொடர் எங்கெங்கே ஒளிபரப்பாகிறதோ அந்த நாடுகளின் நிலையைத் தனித்தனியே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வதே பாதுகாப்பு.

நாட்டுடைமையாக்கப்பட்ட நூல் என்றால் கேள்வியே இல்லையா?

தமிழக அரசு வாரிசுகளுக்குப் பரிவுத் தொகை கொடுத்து நாட்டுடைமையாக்கிய எழுத்துகள் பல உண்டு. கல்கியும் புதுமைப்பித்தனும் அந்த வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுடைய எழுத்தை எடுத்தாளும் வழி மிகவும் திறந்திருக்கிறது. ஆனாலும் இரண்டு எச்சரிக்கைகள். நாட்டுடைமை என்பது தமிழக அரசின் நடவடிக்கை என்பதால் மேலே சொன்ன வழக்கறிஞரிடம் இதையும் சேர்த்துக் கேளுங்கள். அடுத்து, எழுத்து வேறு, அதோடு வந்த ஓவியம் வேறு. பழைய தொடர்கதைப் படங்களைத் தொடக்கப் பாடலில் பயன்படுத்த ஆசைப்பட்டால், ஓவியரின் உரிமையைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பாத்திரத்தையே நீக்கிவிடுகிறார்கள். எந்த அளவுகோலை வைத்து இதைச் செய்கிறீர்கள்?

இந்தக் கேள்வியில் உள்ள வருத்தம் நியாயமானது. பொதுவாக நீக்கம் என்று வெளியே தெரிவது உள்ளே ஓர் இணைப்பாக இருக்கும். நாவலில் கதாநாயகனுக்குக் கடன் கொடுக்கும் நண்பர் ஒருவர், அறிவுரை சொல்லும் அண்டை வீட்டுக்காரர் ஒருவர், வேலை வாங்கித் தரும் மாமா ஒருவர் இருப்பார்கள். தொடரில் இந்த மூவரும் ஒருவராகலாம். நடிகர் எண்ணிக்கை குறைவதோடு உறவும் இறுகுகிறது. கடன் கொடுத்தவரே அறிவுரை சொல்லும்போது அந்த அறிவுரைக்கு வேறொரு கனம் வந்துவிடுகிறது.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். இந்தப் பாத்திரம் இல்லாவிட்டால் முதன்மைப் பாத்திரங்களில் யாராவது வேறு முடிவு எடுத்திருப்பார்களா? எடுத்திருப்பார்கள் என்றால் அந்தப் பாத்திரத்தைத் தொடக்கூடாது, ஒரே ஒரு அத்தியாயத்தில் வந்தாலும் சரி. எடுத்திருக்கமாட்டார்கள் என்றால் இணைப்புக்கு வழி இருக்கிறது.

இந்த அளவுகோலுக்கு அகப்படாத ஒரு வகைப் பாத்திரம் உண்டு. கதையை எங்கும் நகர்த்தாமல், நாவலின் உலகத்தைத் தன் இருப்பாலேயே நிரப்புபவர். கடைகளுக்கு முன்னுள்ள ஐந்தடி வழியில் கச்சான் (வேர்க்கடலை) விற்கும் கிழவர், கோயில் வாசலில் எல்லாருக்கும் ஏதோ ஒரு பெயர் வைத்துக் கூப்பிடும் பாட்டி. தயாரிப்புச் செலவைக் குறைக்கும்போது முதலில் இவர்கள்தாம் பலியாகிறார்கள். இவர்களுக்காக நான் விடாமல் வாதாடுவேன். வசனமே இல்லாமல், காட்சியின் ஓரத்தில் ஒவ்வொரு பகுதியிலும் அவர் இருந்தால் போதும். நாவலைப் படித்தவர்கள் கண்டுகொள்வார்கள்.

நாவலின் அழகே உள்மனப் பேச்சில்தான் இருக்கிறது. பின்னணிக் குரலில் அதை வாசித்துவிட்டால் என்ன?

வாசிக்கலாம். ஆனால் எப்போது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அழும் பெண்ணைக் காட்டிக்கொண்டே, "அவள் மனம் உடைந்தது" என்று குரல் சொன்னால் இரண்டில் ஒன்று வீண். குரல் சொல்வதும் படம் காட்டுவதும் ஒன்றுக்கொன்று இடிக்கும் இடங்களில் பின்னணிக் குரல் பொன்னாகும். "அன்று நான் மிகவும் அமைதியாக இருந்தேன்" என்று குரல் சொல்ல, படத்தில் அவன் கை பீங்கான் கோப்பையைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடித்திருக்கிறது. தன்னைப் பற்றித் தானே முழு உண்மை சொல்லாத ஒருவன் கதை சொல்லும் நாவல்களுக்கு இது மிகப் பொருத்தமான வழி.

எனக்கு இந்த வேலையில் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இதுதான்: நாவல் யார் பக்கத்தில் நின்று பார்க்கிறது? ஒரு குடும்பச் சண்டையைப் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் பக்கத்தில் நின்று சொல்லும் நாவலை எடுத்துக்கொள்வோம். பெரியவர்கள் பேசுவது அவளுக்குப் பாதிதான் புரியும். தொடரில் அவள் இல்லாத அறைக்குள் கேமரா நுழைந்து முழுச் சண்டையையும் காட்டிவிட்டால், ஒரு வசனத்தைக்கூட மாற்றாமலேயே நாவலைத் தொலைத்துவிட்டோம். கதவு இடுக்கில், மாடிப்படியில், பின் இருக்கையில் அவளோடு நாமும் இருந்தால், பாதி வசனங்களை மாற்றினாலும் நாவல் கையில் இருக்கிறது.

நான் மனத்தில் வைத்திருந்த முகம் வேறு. நடிகரைப் பார்த்ததும் தொடரே பிடிக்காமல் போய்விட்டது. இதற்குத் தீர்வு உண்டா?

முழுத் தீர்வு கிடையாது. 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது மணியம் வரைந்த ஓவியங்களே பல தலைமுறைகளுக்கு வந்தியத்தேவனின் முகமாகவும் குந்தவையின் கொண்டையாகவும் நிலைத்துவிட்டன. ஓவியம் இல்லாத நாவல் என்றால் வாசகருக்கு ஒன்றாக ஆயிரம் முகங்கள். யாரைத் தேர்ந்தெடுத்தாலும் மீதிப் பேருக்கு ஏமாற்றம்தான்.

தோற்றத்தைவிட நடையையும் பேச்சின் வேகத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் எண்ணம். நாவலில் ஒருவர் தயங்கித் தயங்கிப் பேசுபவர் என்றால், அந்தத் தயக்கத்தைத் தன் உடம்பில் கொண்டுவரக்கூடிய நடிகர் மூன்றாம் பகுதிக்குள் வாசகரின் மனத்தில் இருந்த முகத்தை மாற்றிவிடுவார். சிங்கப்பூரில் தமிழ் நடிகர் வட்டம் சிறியது, போன மாதம் வேறொரு தொடரில் காவல் அதிகாரியாக வந்தவரே இப்போது ரப்பர் தோட்டக் கிராணியாக வருவார். ஆகவே முதல் காட்சியிலேயே அவரைப் பேசவிடாமல், வேலை செய்யவிடுங்கள். கணக்குப் பேரேட்டில் குனிந்து எழுதிக்கொண்டிருக்கட்டும். பழைய பாத்திரம் பார்ப்பவரின் நினைவிலிருந்து விலக அந்த ஒரு நிமிடம் உதவும்.

சிங்கப்பூர்த் தொடரில் எந்தத் தமிழைப் பேசுவது? நாவலில் எழுத்துத் தமிழ், வீட்டில் நாங்கள் பேசுவது வேறு, சென்னைத் தொடர்களில் கேட்பது இன்னொன்று.

கூட்டங்களில் சூடு பறக்கும் கேள்வி இதுதான். நம் மூத்த எழுத்தாளர்கள் பலர் உரையாடலையும் எழுத்துத் தமிழிலேயே எழுதினார்கள். அக்கால அச்சு மரபு அது. அந்த வரிகளை அப்படியே நடிகரிடம் கொடுத்தால் மேடை நாடகமாகிவிடும். சென்னைத் தொடர்களின் பேச்சை இரவல் வாங்கினால் உட்லண்ட்ஸ் வீட்டில் மயிலாப்பூர் வந்து உட்கார்ந்துகொள்ளும். சிங்கப்பூரில் நான்கு தலைமுறையாக வாழும் குடும்பத்துக்கென ஒரு பேச்சு இருக்கிறது. வெள்ளி, காசு என்றுதான் பணத்தை எண்ணுவார்கள். பாசாருக்கு (சந்தைக்கு) போவார்கள். கம்போங் (கிராமம்), தாவ்கே (முதலாளி), மண்டோர் (மேற்பார்வையாளர்) எல்லாம் பேச்சில் விளக்கமே இல்லாமல் வந்து விழும்.

வயதும் வேலையும் பேச்சைப் பிரிக்கின்றன. 1960களில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர் மலாயும் கொஞ்சம் மலையாளமும் கலந்து பேசுவார். அவருடைய மகள் ஆசிரியர் என்றால் திருத்தமாகப் பேசுவார். பேரன் தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பான். மூன்று பேருக்கும் ஒரே தமிழைக் கொடுப்பது அந்தக் குடும்பத்தின் வரலாற்றையே அழிப்பதாகும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பேச்சை அமைத்து, நாவலில் உள்ள எந்த வரி யாருடைய வாயில் எப்படி மாறும் என்று முதலில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் திரைக்கதைக்குள் போக வேண்டும்.

பேரனின் ஆங்கிலத்தை எவ்வளவு அனுமதிப்பது என்று கேட்பீர்கள். தமிழ் ஒளிவழியில் வரும் தமிழ்த் தொடர் அது, பிள்ளைகள் அதைக் கேட்டு வளர்கிறார்கள். அந்தப் பொறுப்பை நான் சுமையாக நினைக்கவில்லை. பள்ளிகளிலேயே பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுத்துக் கற்பிக்கிறார்கள். இயல்பான, கலப்புக் குறைந்த பேச்சுத் தமிழ் சாத்தியம்தான். பாட்டியிடம் பேசும்போது பேரன் தமிழைத் தேடித் தடுமாறட்டும். அந்தத் தடுமாற்றத்தில் பாசம் தெரியும்.

ஆங்கில வசனவரிகளில் நாவலின் நடை காணாமல் போகிறதே?

போகும். திரையின் அடியில் இரண்டு வரிக்கு மேல் இடமில்லை, பார்ப்பவர் படித்து முடிக்கும்வரை அந்த வரி நிற்கவும் வேண்டும். வசனவரி எழுதுபவருக்குப் படம் முடிந்தபின் கோப்பை அனுப்பிவைப்பது வழக்கமாக நடக்கும் தவறு. திரைக்கதை எழுதும்போதே அவரிடம் நாவலைக் கொடுத்துவிடுங்கள். பார்வையாளர்களில் மலாய், சீன நண்பர்களும், தமிழ் படிக்கச் சிரமப்படும் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாவல் போய்ச் சேர்வது அந்த இரண்டு வரி வழியாகத்தான்.

கதை நடப்பது 1965இல். அந்தச் சிங்கப்பூர் இப்போது எங்கே இருக்கிறது, எங்கே போய்ப் படம் எடுப்பது?

சிதறிய துண்டுகளாக இருக்கிறது. சிங்கப்பூரின் பெருநிலப் பகுதியில் எஞ்சியுள்ள கடைசிக் கம்போங் லோரோங் புவாங்கோக்கில் இருக்கிறது. அங்கே மக்கள் வாழ்கிறார்கள் என்பதை மறக்காமல், அவர்களிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும். புலாவ் ஊபின் தீவில் பழைய வீடுகளும் மண்பாதைகளும் உண்டு. செம்பவாங்கில் பிரிட்டிஷார் காலத்துக் கறுப்பு வெள்ளை பங்களாக்கள் நிற்கின்றன. ரப்பர் தோட்டத்துக்கும் நீளமான பழைய கடைத்தெருக்களுக்கும் மலேசியாவின் ஜொகூருக்கோ பேராக்குக்கோ போய்வருபவர்கள் பலர்.

இருக்கும் இடங்களே ஏமாற்றும் என்பதுதான் பெரிய ஆபத்து. நாவலில் தேக்கா சந்தை வருகிறது என்று இன்றைய தேக்கா நிலையத்தின் முன் கேமராவை வைத்தால் தவறு. இன்றைய கட்டடம் 1980களில் வந்தது. பழைய சந்தை சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் இறங்கும் காட்சி இருந்தால், 2011 நடுவில் அங்கே ரயில் சேவை நின்றுவிட்டது, தண்டவாளமும் இல்லை. கட்டடம் தேசிய நினைவுச் சின்னமாகக் காக்கப்படுகிறது. நடைமேடைக் கூட்டத்தையும் புகையையும் நெருக்கமான காட்சிகளில் வேறெங்காவது எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும்.

கைப்பொருள்களுக்கும் இதே கவனம் வேண்டும். சிங்கப்பூர் தனக்கென நாணயம் வெளியிட்டது 1967இல். 1965இல் நடக்கும் காட்சியில் கையில் இருக்க வேண்டியது மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நோட்டு. தொலைக்காட்சி இங்கே வந்தது 1963இல், வண்ணம் வந்தது 1974இல். 1970இல் நடக்கும் காட்சியில் கூடத்துப் பெட்டியில் வண்ணப்படம் ஓடினால், அந்தக் காலத்தில் வாழ்ந்த பெரியவர் உடனே சுட்டிக்காட்டுவார். தேசிய நூலக வாரியத்தின் பழைய படங்களையும் நாளிதழ்களையும் பார்க்காமல் ஓர் அறையைக்கூட அலங்கரிக்காதீர்கள்.

தமிழ்நாட்டு நாவலைச் சிங்கப்பூருக்கு இடம் மாற்றி எடுக்கலாமா?

கதையின் நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான மனத்தாங்கல் என்றால் ஈசூனிலும் நடக்கும். காவிரித் தண்ணீர் வராத கோடையில் ஒரு விவசாயி எடுக்கும் முடிவு என்றால் நடக்காது. அதை இங்கே ஒரு கடைக்காரரின் நட்டமாக மாற்றினால் எஞ்சுவது நாவலின் பெயர் மட்டும்தான். அத்தகைய நாவலை விட்டுவிட்டு, இந்த மண்ணிலேயே பிறந்த கதையைத் தேடுங்கள். மா. இளங்கண்ணன் போன்றவர்கள் இங்கேயே வாழ்ந்து இங்குள்ளவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் பெருமளவில் மின்வடிவில் நூலகத்தில் கிடைக்கின்றன. படமாக்கப்படக் காத்திருக்கும் கதைகள் அங்கே இருக்கின்றன.

முடிவை மாற்றலாமா?

சம்பவத்தை மாற்றலாம், அது விட்டுச்செல்லும் கேள்வியை மாற்றக்கூடாது என்பது என் நிலைப்பாடு. நடுவில் வரும் பெரிய நிகழ்வுகளுக்கும் இதுவே பொருந்தும். உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' நாவலில் நாயகன் காளி கையை இழப்பது புலியால். 1978இல் மகேந்திரன் எடுத்த படத்தில் லாரியால். தங்கை மீது அவன் வைத்திருக்கும் பாசமும், அதே அளவு பெரிதான அவன் வீம்பும் அப்படியே இருப்பதால் அந்த மாற்றம் கதையைக் காயப்படுத்தவில்லை.

அவன் அவளை மன்னித்தானா இல்லையா என்று நாவல் சொல்லாமல் விட்டிருக்க, தொடரில் கட்டியணைத்து அழ வைத்து முடித்தால் அது வேறு. தயாரிப்புக் கூட்டங்களில், "பார்ப்பவர்களுக்கு ஒரு நிறைவு வேண்டாமா?" என்ற பேச்சு எழும். இருபது பகுதிகள் கூடவே வந்த பார்வையாளருக்கு அந்தக் கேள்வியைத் தாங்கும் வலிமை உண்டு என்று நம்புங்கள்.

எழுத்தாளருக்குப் பிடிக்காவிட்டால் தொடரைத் தடுக்க முடியுமா?

இந்தியாவில் ஒரு முக்கியமான வழக்கு நடந்தது. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி, தம் 'ஆப்கா பண்ட்டி' நாவலைத் தழுவிய படம் அதைச் சிதைத்துவிட்டதாக நீதிமன்றம் போனார். படமாக்கும் உரிமையை விற்றபிறகும், படைப்பு சிதைக்கப்படுவதை எதிர்க்கும் தனி உரிமை எழுத்தாளரிடம் இருக்கிறது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 1986இல் கூறியது. திரைக்குத் தேவையான மாற்றங்களுக்கு இடமுண்டு, ஆனால் நாவல் அடையாளம் தெரியாமல் போகக்கூடாது என்பது அதன் சாரம். பின்னர் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டனர்.

சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், படைத்தவரின் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்ற உரிமையைத் தெளிவாகத் தருகிறது. சிதைவை எதிர்க்க இந்தியச் சட்டம் தரும் விரிவான உரிமை போன்ற ஒன்று இதில் இல்லை. ஆகவே எழுத்தாளர்களுக்கு நான் சொல்வது: எதையெல்லாம் மாற்றக்கூடாது என்று நினைக்கிறீர்களோ, அவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். "மூலத்தின் உணர்வு காக்கப்படும்" என்ற வரியால் பயனில்லை. "கதை நடக்கும் காலமும் இடமும் மாற்றப்படாது" என்பதுபோல் திட்டவட்டமாக இருக்கட்டும். ஆர். கே. நாராயண் தம் 'கைடு' நாவல் படமானபோது தம் கற்பனை ஊரான மால்குடியிலிருந்து கதை வடக்கே இடம் பெயர்ந்ததை வருந்தி ஒரு கட்டுரையே எழுதினார். அந்தப் படம் கொண்டாடப்பட்டது என்பதும் உண்மை. அவருடைய வருத்தத்தை அது குறைத்துவிடவில்லை.

அப்படியானால் எழுத்தாளரே திரைக்கதை எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமே?

சிலருக்குக் கைவரும். ஜெயகாந்தன் தம் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்துக்குத் தாமே திரைக்கதை எழுதினார். ஆனால் பொதுவாக, ஐந்து ஆண்டு உழைத்துச் செதுக்கிய பத்தியை வெட்டும்படி அதைச் செதுக்கியவரிடமே சொல்வது கொடுமை. பகுதிவாரியான கதைச்சுருக்கத்தை அவரிடம் காட்டி, பாத்திரங்களைப் பற்றி நாவலில் எழுதாமல் விட்டதை அவரிடம் கேட்டு வாங்குவது எல்லாருக்கும் நல்லது. "அவள் ஏன் அன்று கதவைத் திறக்கவில்லை?" என்று கேட்டால் அவர் சொல்லும் பதில் ஒரு முழுப் பகுதிக்கு வழி காட்டும்.

நாவலில் குடி, சாதி, வசவு எல்லாம் வருகிறது. தொலைக்காட்சியில் விடுவார்களா?

இலவச ஒளிபரப்புக்குத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் நெறிமுறைகள் உண்டு. இனம், சமயம் சார்ந்தவற்றில் கண்டிப்பு அதிகம். பொருளைத் தடுப்பதைவிட, காட்டும் முறையையே அவை கவனிக்கின்றன. குடியைப் பற்றிய சிவசங்கரியின் 'ஒரு மனிதனின் கதை' தூர்தர்ஷனிலேயே ரகுவரன் நடிக்கத் தொடராக வந்தது. வசவைச் சொல்லாமலேயே அதைக் கேட்டவரின் முகத்தைக் காட்டலாம். சாதியை மட்டும் மழுப்பாதீர்கள். கப்பலேறி வந்தபோது அதுவும் கூடவே வந்தது என்பதைச் சொல்லும் நாவலில் அந்த இழையை உருவிவிட்டால், இரு குடும்பங்களும் எதற்காகப் பேசிக்கொள்வதில்லை என்பதே புரியாமல் போகும்.

நாவலைப் படித்தவருக்காக எழுதுவதா, படிக்காதவருக்காகவா?

படிக்காதவருக்குப் புரிய வேண்டும், படித்தவருக்கு மதிப்பு இருக்க வேண்டும். மோதல் வந்தால் படிக்காதவர் பக்கம் நிற்பேன். மேலே சொன்ன 1995 பிபிசி 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' தொடரில் நாயகன் டார்சி குளத்தில் இறங்கிவிட்டு நனைந்த சட்டையோடு நாயகி எலிசபெத்தை எதிர்கொள்ளும் காட்சி ஆஸ்டின் எழுதியதே அல்ல, திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ் சேர்த்தது. எப்போதும் விறைப்பாக இருப்பவன் ஆயத்தமில்லாமல் அகப்படும் சங்கடம் நாவலில் ஏற்கெனவே இருந்தது. படிக்காதவருக்கும் அது ஒரே பார்வையில் போய்ச் சேர்ந்தது.

தொடர் நன்றாகப் போனால் இரண்டாம் பருவம் கேட்பார்களே, நாவல்தான் முடிந்துவிட்டதே?

முடிந்துவிட்டது என்று சொல்லுங்கள். எழுத்தாளர் உயிரோடிருந்து தாமே தொடர விரும்பினால் மட்டும் பேசலாம்.

முதல்முறையாக முயல விரும்புகிறேன். எந்த நாவலில் தொடங்குவது?

உங்களுக்கு மிகவும் பிடித்ததில் தொடங்காதீர்கள். அதில் எதை வெட்டவும் மனம் வராது. பிடித்தவற்றில் இரண்டாம் இடத்தில் இருப்பதை எடுங்கள். சின்னதாக, நான்கைந்து பாத்திரங்களோடு, அதிக ஆண்டுகள் தாண்டாததாக இருக்கட்டும்.

ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு நூலை மூடிவைத்து, நினைவில் நிற்கும் காட்சிகளை மட்டும் எழுதுங்கள். பிறகு மறுபடி படித்து, எதை மறந்தீர்கள், ஏன் மறந்தீர்கள் என்று பாருங்கள். அதன்பின் ஒரே ஒரு அத்தியாயத்தை எடுத்து, உள்மனப் பேச்சு பற்றிய பதிலில் சொன்னபடி யார் பக்கத்தில் நிற்பது என்று தீர்மானித்து, இருபது பக்கத் திரைக்கதையாக எழுதுங்கள். நாவலைப் படிக்காத இரண்டு நண்பர்களை வைத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் எங்கே நிறுத்தி, "இவர் யார்?" என்று கேட்கிறார்களோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து திருத்தத் தொடங்குங்கள். அனுமதிக் கடிதத்தை இப்போதே எழுதி அனுப்பிவிடுங்கள், பதில் வரத்தான் எல்லாவற்றையும்விட அதிக நாளாகும்.